மூன்றாம் வரியில் ஏறும் மெட்டு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டவர் தயவால் இங்கே சுகம். உன் சுகமும் அத்தான் சுகமும் அறிய ஆசை. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்காதே, ஒரு முக்காலி கேட்டு வாங்கிக்கொள் என்று போன தடவையே எழுதியிருந்தேன். வாங்கினாயா?

எங்கள் கோயில் ஆர்கனை மொத்தமாகக் கழற்றிவிட்டோம். துருத்தித் தோலை எலி தின்றிருக்கிறது. குழல்களுக்குள் தூசியும் செத்த பூச்சியும். வாத்தியக் கடை முதலாளி இந்த வருஷம் முழுக்க என்னை இந்த வேலைக்கே விட்டுவிட்டார். அக்டோபரில் பிரதிஷ்டை. அன்றைக்குப் புதுப் பாட்டு ஒன்று வேண்டும் என்கிறார் போதகர். "உங்க மெட்டு, உங்க அக்கா பாட்டு. இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எப்போதும் நீ பாட்டெழுதி அனுப்புவாய், நான் மெட்டுப் போடுவேன். இந்தத் தடவை மெட்டு முந்திக்கொண்டது. எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் மூச்சு விட இடம் உண்டு. பின்வரிசையில் இருமிக்கொண்டே பாடும் பெரியவருக்கும் எட்டாத ஸ்வரம் ஒன்றும் இல்லை. நாலு சரணம் எழுதித் தருவாயா?

நம் சிட்டு நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பெற்றவள் நீ, அதன்பின் ஒரு வரியும் எழுதவில்லை என்று தெரியும். கேட்கலாமா, கூடாதா என்று நிறைய யோசித்தேன். கேட்காமல் இருப்பதும் தப்பாகப் பட்டது.

சின்னவள் நலம். என் மனைவியை நீதான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாய், இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. கொஞ்சம் அசதி என்கிறாள். வேறொன்றும் இல்லை.

உன் பதிலை எதிர்பார்க்கும்
தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முக்காலி வாங்கியாகிவிட்டது. அதில் இருமல் மருந்துப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

மெட்டு வந்து சேர்ந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். பாட்டுக்கு வேறு ஆளைப் பார். போதகரிடம் எனக்கு நேரமில்லை என்று சொல். அது பொய்யும் இல்லை, கடையில் ஒரு பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

சின்னவளுக்கு அசதி என்றால் இரத்தம் பரிசோதிக்கச் சொல். நாமாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

அன்புடன்
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம். பரிசோதித்துவிட்டோம். பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். நீயும் அத்தானும் நலம்தானே?

உனக்கு நேரமில்லை என்று போதகரிடம் சொன்னேன். "அப்ப நானே எழுதிப் பாக்கறேன்" என்றார். வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு ஒரு தாளோடு வந்து நின்றார். 'குழலாய்க் குழுமிய குழல்களின் குரலே' என்று முதல் வரி. எங்கள் பாடகர் குழுவில் பாதிப் பேருக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. மூன்றாம் தடவை பாடும்போது முன்வரிசைப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் பிரசங்கத்தோட நிறுத்திக்கறேன்" என்றார்.

எனக்கென்னவோ இந்த மெட்டு உன் வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறது. ஒரே ஒரு சரணம் போதும். அதுவும் முடியாவிட்டால், சும்மா ஒரு தடவை பாடிப் பார்த்து எப்படி இருக்கிறது என்றாவது எழுது. நான் எந்த மெட்டையும் உன் காதில் போடாமல் வெளியே விட்டதில்லை.

வீட்டில் எல்லாரும் நலம். புதிதாக ஒன்றும் இல்லை.

என்றும் உன்
தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நலமா? உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இரண்டு மாதம் கடத்திவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிட்டுவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. உன் அத்தான் ரயில் ஓட்டப் போகாத ஞாயிறுகளில் தனியாகப் போய்வருகிறார். வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டுவார், நான் சாப்பாடு போடுவேன், இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் எப்படி உனக்குப் பாட்டெழுத முடியும்? நீ எத்தனை கடிதத்தில் ஸ்தோத்திரம் எழுதினாலும் எனக்குத் திருப்பி எழுதக் கை வருவதில்லை.

போன மாதம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று பாட்டில் மேல் எழுதிக் கொடுத்தேன். கை நடுங்கவில்லை. அந்த வேலை எனக்கு வருகிறது. ஒரு வாரம் கழித்து அதே பெண் வந்தாள். "அக்கா, பிள்ளை எழுந்து ஓட ஆரம்பிச்சுட்டா" என்றாள். "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். அவள் படியிறங்கிய பிறகு அந்த முக்காலியில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது உன் மெட்டைப் பாடிப் பார்த்தேன். வார்த்தை இல்லாமல்தான். பிறகு தினமும் பாடினேன்.

நீ மெட்டுப் போட ஆரம்பித்த நாளிலிருந்து உன் மெட்டு மூன்றாவது வரியில் இறங்கி உட்காரும். அம்மாவை அடக்கம் பண்ணிய வாரத்தில் போட்டதும் அப்படித்தான். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட்டதும் அப்படித்தான். இது ஏறுகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஏறுகிறது. துக்கத்தில் இருக்கிறவன் போட்ட மெட்டு இல்லை இது.

என்னடா நடந்தது அங்கே?

அன்புடன்
அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல்.

நீ எழுதியதைப் படித்தேன். கோயிலுக்குப் போகாததைப் பற்றி நான் உனக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்கு வயதும் இல்லை, யோக்கியதையும் இல்லை.

மூன்றாம் வரி ஏறுவதற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஆர்கனின் மேல்ஸ்தாயிக் குழல்கள் ரொம்ப வருஷமாகவே பேசாமல் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து, வாயைச் சீராக்கி, மறுபடி நிறுத்தியிருக்கிறேன். பிரதிஷ்டை அன்று சபையார் அதைக் கேட்க வேண்டாமா? அதற்காகத்தான் அந்த வரியை மேலே கொண்டுபோனேன். மேலும் இரண்டாம் வரி கீழே முடிவதால், மூன்றாவதும் கீழே போனால் பாட்டு படுத்துவிடும். பாடுகிறவர்களுக்கும் அலுப்புத் தட்டும். இதெல்லாம் தொழில் சமாச்சாரம்.

வேறொன்றும் நடக்கவில்லை. வீட்டில் எல்லாரும் நலம்.

உன் தம்பி


ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னவள் எழுதுவது. நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க என் ஜெபம். உங்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. தபாலில் போட்ட பிறகு சொல்லிவிடுவேன்.

அண்ணி, எனக்கு ஏழாவது மாதம்.

இத்தனை வருஷம் கழித்து. இனி இல்லை என்று நாங்களே எங்களுக்குள் முடிவு செய்து, அதைப் பற்றிப் பேசுவதையும் விட்ட பிறகு. டாக்டர் சொன்ன அன்று இருவரும் நடந்தேதான் வீட்டுக்கு வந்தோம். கோயில் முன்னால் வந்ததும், "நீ போ, வந்துடறேன்" என்று உள்ளே போய்விட்டார். வாசிக்க ஆர்கன் கூட இல்லை, எல்லாம் கழற்றித் தரையில் பரப்பியிருந்தது. அந்தக் குழல்களுக்கு நடுவே நின்று முணுமுணுத்துக்கொண்டே, குழல் சுற்றிவைத்த பழுப்புத் தாளில் எழுதியிருக்கிறார். அதுதான் உங்களுக்கு வந்த மெட்டு.

"அக்காவுக்கு எழுதிட்டீங்களா?" என்று மாதாமாதம் கேட்பேன். "எழுதறேன்" என்பார். உட்காருவார். 'வீட்டில் எல்லாரும் நலம்' என்று எழுதும் இடத்தில் பேனா நிற்கும். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார். பிறகு கையெழுத்துப் போட்டு மடித்துவிடுவார். ஒரு நாள் கோபம் வந்து, "ஏன் இப்படிப் பண்றீங்க?" என்றேன். "அவ கையில காகிதத்தைக் கொடுத்து, உன் பிள்ளை போயிடுச்சு, எனக்கு வரப்போகுதுன்னு எப்படிடீ சொல்வேன்?" என்றார்.

உங்களுக்கு வலிக்கும் என்று எனக்கும் தெரியும் அண்ணி. ஆனால் அத்தைக்குத் தெரியாமல் ஒரு பிள்ளை பிறக்கக் கூடாது. அது ஒளித்துவைத்த பொருளாக இந்த உலகத்துக்கு வரக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உங்கள் பிரியமுள்ள
சின்னவள்


ஆகஸ்ட் 4

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நலம். தங்கச்சியும் நீயும் நலமா? எனக்குக் கடிதம் எழுத வராது. சிக்னலைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் பழக்கமில்லை. டிரைவர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தன் விடுகிற குறட்டையில் பேனா ஆடுகிறது.

உன் அக்காவிடமிருந்து பதில் இல்லை என்று நீ இரண்டு கார்டு போட்டது வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி கடிதம் வந்த அன்று உன் அக்கா அதை நின்றுகொண்டே படித்தாள். கைப்பையில் வைத்தாள். கடைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, "சின்னவளுக்கு ஏழாம் மாசமாம்" என்றாள். "அப்படியா" என்றேன். "அப்படியான்னு மட்டும்தான் கேப்பீங்களா?" என்றாள். மாப்பிள்ளை, நான் சந்தோஷப்பட்டேன். அவள் எதிரில் அதை முகத்தில் காட்டலாமா என்று புரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "நீங்க சந்தோஷப்படுங்க, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சில நாள் படுக்கையை விட்டு எழவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். இப்போது எழுந்துவிட்டாள். கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற காகித உறைகளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதுகிறாள். எழுதுகிறாள், கிழிக்கிறாள். சமையலறையில் உன் மெட்டு கேட்கிறது. ஒரு இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறாள்.

நீ அவளை எழுதச் சொல்லாதே. எழுதாதே என்றும் சொல்லாதே. வண்டி மேட்டில் ஏறும்போது பக்கத்தில் இருக்கிறவன் பேசக் கூடாது.

தங்கச்சியைப் பாரம் தூக்க விடாதே.

அன்புடன்
அத்தான்


ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

நலம். சின்னவள் எப்படி இருக்கிறாள்? கால் வீங்கியிருந்தால் உப்பைக் குறைக்கச் சொல். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவளுக்கு உன்னைவிட நெஞ்சுரம் இருக்கிறது.

உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு என் வாசல் வழியாக அனுப்புவதில்லை. தெருவைச் சுற்றி அனுப்புகிறாள். கெட்ட எண்ணம் இல்லை, இரக்கம்தான். அந்தப் பிள்ளை சிட்டுவோடு ஒரே வகுப்பு. கடையில் மற்றப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் உள்ளே நுழைந்ததும் விலைவாசியைப் பேசுவார்கள். ஊரே என் எதிரில் பிள்ளைகளை ஒளித்துவைக்கிறது. நீயுமா? என் துக்கத்துக்கு உன் பிள்ளை என்னடா பண்ணியது?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் நானும் உன்னைப் போலத்தான். பொறாமை வந்தது. சின்னவள் மேல், உன் மேல், இன்னும் பிறக்காத அதன் மேல். படுக்கையில் கிடந்தது உடம்புக்கு முடியாமல் இல்லை. அது போய்விட்டதா என்றால், குறைந்திருக்கிறது. இருக்கும்போது இருக்கிறது என்று உனக்குச் சொல்வேன். நீ பயப்படாமல் கேட்க வேண்டும்.

பிரசவத்துக்கு வர என்னால் முடியாது. கேட்காதே.

பாட்டு இதோ. ஆராதனையில் பாட ஏற்றதா என்று தெரியாது. எனக்கு வந்தது இதுதான்.

கேட்டேன் ஐயா, கேட்டேன் நான்,
கேட்ட வாசல் திறக்கவில்லை;
தட்டிய கையை எடுத்துக்கொண்டேன்
தளர்ந்ததால்தான், வெறுப்பு இல்லை.

காற்றை அடக்கும் உம் குரலைக்
கண்ணீர் நாளில் கேட்கவில்லை;
நேற்று வரைக்கும் நான் படித்த
நீண்ட ஜெபங்கள் நினைவில் இல்லை.

போக எனக்கோர் இடமும் இல்லை,
புகுந்து பழகிய வீடிதொன்றே;
வாசல் படியில் காத்திருப்பேன்
வா எனும் சொல்லைக் கேட்க நின்றே.

நாலாவது சரணம் வரவில்லை. வரும் என்று தோன்றவும் இல்லை.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை. சின்னவள் ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டாள். ஒரு கட்டத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். தாளில் என்ன எழுதியிருந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. இப்போது இருவரும் நலம். பிள்ளைக்கு அம்மாவின் நெற்றி. உங்கள் நலம் எப்படி?

உன் கோபம் நியாயம். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஆர்கனில் உட்கார்ந்து முதல் சரணத்தைப் பாடினேன். சந்தோஷத்தில் ஏறிய வரியில் நீ 'தட்டிய கையை எடுத்துக்கொண்டேன்' என்று வைத்திருக்கிறாய். அந்த வரி அப்படிப் பொருந்தும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

போதகருக்குத்தான் சங்கடம். "தம்பி, 'வாசல் திறக்கவில்லை'ன்னு சபையார் வாய்விட்டு எப்படிப் பாடுவாங்க?" என்றார். "பாடுவாங்க ஐயா. மனசுக்குள்ள எல்லாரும் பாடினதுதான்" என்றேன். கொஞ்சம் யோசித்து, "சரி. மூணும் இருக்கட்டும். ஆனா படியிலயே உக்கார வெச்சுட்டு முடிக்கக் கூடாது. கதவு திறக்கற மாதிரி நாலாவதா ஒண்ணு வேணும். அக்காவால முடியலைன்னா நான் எழுதறேன்" என்றார். மடித்த தாள் ஒன்று ஏற்கெனவே அவர் பையில் இருந்தது.

என்ன சொல்கிறாய்?

உன் தம்பி


செப்டம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

தாயும் பிள்ளையும் நலம் என்று படித்து மூச்சு வந்தது. நாங்கள் நலம். குழந்தையை எண்ணெய் தேய்த்து முரட்டுத்தனமாக இழுத்துவிட யாரையும் விடாதே.

என் பாட்டு மூன்று சரணம். நாலாவதை வேறு யாராவது எழுதினால் என் மூன்றையும் எடுத்துவிடுங்கள். போதகரிடம் மரியாதையாகச் சொல். கதவு திறந்தது என்று எனக்குத் தெரிந்தால் நானே எழுதுவேன். தெரியாததை எழுத வராது.

அக்கா


அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் மூவரும் சுகம். அத்தானுக்கு இருமல் என்று சின்னவளுக்கு எழுதியிருந்தாயாமே, தேவலையா? நேற்றைய பிரதிஷ்டையை உனக்கு எழுதாமல் எனக்குச் சோறு இறங்காது.

உன் கார்டைப் போதகரிடம் அப்படியே படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "துக்க வீடு எத்தனைக்குப் போயிருப்பேன் தம்பி. போற வீட்டுல எல்லாம் நாலாவது சரணத்தை மட்டும் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். பையிலிருந்த தாளை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். "அந்த இடத்துல நீங்க மெட்டை மட்டும் வாசிங்க. சபை நிக்கட்டும். வார்த்தை இருக்கறவங்க மனசுக்குள்ள சொல்லிக்கட்டும். இல்லாதவங்க சும்மா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அப்படித்தான் அச்சடித்தோம். மூன்று சரணம், அதன் கீழே வெற்றிடம்.

கோயில் நிறைந்திருந்தது. ஆர்கன் ஏமாற்றவில்லை. உனக்குத் தெரியும், வாசிக்கிறவன் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். எனக்குக் குரல்தான் வரும், முகம் தெரியாது. முதல் சரணத்தைப் பயந்து பயந்துதான் பாடினார்கள். யாரோ இடையில் நிறுத்திவிட்டதும் கேட்டது. இரண்டாவதில் ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வந்தபோது, அக்கா, நான் எத்தனையோ ஞாயிறு வாசித்திருக்கிறேன், அந்தச் சத்தத்தை முதுகில் உணர்ந்ததில்லை.

பிறகு நாலாவது. நான் மட்டும். அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், ஒரு செருமல் இல்லை. மூன்றாம் வரிக்கு ஏறும்போது பின்பக்கம் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நம் வீட்டுக் குரல், எனக்குத் தெரியாதா? கை ஒரு நொடி தடுமாறியது. ஆனால் நாலாம் வரி முடிவதற்குள் தானாகவே அடங்கிவிட்டது. வெளியே வந்து சின்னவளிடம், "அழுதவளைக் கொஞ்சம் வெளியே தூக்கிட்டுப் போயிருக்கலாமே?" என்றேன். "பாட்டுல ஏன் வார்த்தை இல்லைன்னு உங்க பொண்ணு கேட்டா, வேற ஒண்ணுமில்லை" என்று சொல்லிச் சிரித்தாள். வர வர இவளுக்கு வாய் அதிகமாகிவிட்டது.

பின்வரிசைப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "எழுதினவங்க யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "என் அக்கா" என்றேன். நீ அங்கே இருந்திருக்க வேண்டும் என்று எழுத வந்தேன். எழுதினால் உன்னை நெருக்குவதாகும். அடித்துவிடவும் மனம் வரவில்லை. அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் தம்பி


நவம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். அத்தான் இருமல் நின்றுவிட்டது. உன் மகள் பால் சரியாகக் குடிக்கிறாளா?

சின்னவளைத் திட்டாதே. நான்தான் சொல்லாதே என்றேன்.

அன்று நான் அங்கே இருந்தேன். அத்தான் வேறொருவரோடு டூட்டி மாற்றிக்கொண்டு உங்கள் ஊர் வண்டியை ஓட்டிவந்தார். நான் ஏழாவது பெட்டியில் வந்தேன். சின்னவளுக்கு மட்டும் எழுதியிருந்தேன். கோயிலுக்குள் வரும் எண்ணம் இல்லை. வெளியே நின்று மெட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன். கதவருகே நின்ற பெண் உள்ளே தள்ளி இடம் விட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். உன் முதுகு தெரிந்தது. தலையில் நரை வந்துவிட்டது உனக்கு.

முதல் சரணத்தில் யாரோ நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அவர் எனக்கு முன்பெஞ்சில் இருந்தவர். பெரிய உருவம், தடித்த கழுத்து. 'தட்டிய கையை' என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார். அவர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் பின்னால் நிற்பது யார் என்று தெரியாது. ஆனால் சிட்டு போன பிறகு முதல் தடவையாக, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

இரண்டாவது சரணம் முடியும்போது சின்னவள் நடைபாதை வழியாக நேரே என்னிடம் வந்தாள். "வெச்சுக்கறீங்களா" என்று கேட்கவில்லை. "பிடிங்க அண்ணி, எனக்குப் பாடணும்" என்று கையில் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்று பாட ஆரம்பித்துவிட்டாள். நான் நின்றேன். எடை தெரிந்தது. பிள்ளைகளின் உச்சந்தலை வாசனையை மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் நீ தனியாக வாசித்தாய். எல்லாரும் சும்மா நின்றார்கள். எனக்குள் வார்த்தை ஏதாவது வருமா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நீ அந்த வரிக்கு ஏறியபோது கையில் இருந்தவளைத் தவிர பிடித்துக்கொள்ள எனக்கு வேறொன்றும் இல்லை. உன் மகள் பசித்து அழவில்லை, தம்பி. நான்தான் இறுக்கிவிட்டேன். பயந்துபோய்த் தளர்த்தினேன். தோளில் போட்டுத் தட்டினேன். கை தானாகவே அதைச் செய்தது. அவள் அடங்கினாள்.

நீ திரும்புவதற்குள் கிளம்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் நின்றிருக்க முடியாது. ரயிலடி வரை அழுதுகொண்டே நடந்தேன். வழியில் யாரும் என்னைச் சுற்றிக்கொண்டு போகவில்லை.

இங்கே கோயிலுக்குப் போகிறேனா என்று கேட்காதே. இன்னும் இல்லை. நாலாவது சரணமும் கேட்காதே. ஆனால் வருகிற மாதம் அத்தானுக்கு ஒரு வாரம் விடுமுறை. இருவரும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். இதைச் சொல்லத்தான் எழுதினேன். எனக்காக எதையும் ஒளித்துவைக்க வேண்டாம். தொட்டில், துணி, பால் பாட்டில் எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

அவளை என்னிடம் கொடு. இந்தத் தடவை மெதுவாகப் பிடித்துக்கொள்கிறேன்.

மூவருக்கும் என் அன்பு.

அக்கா